எழுபது கி.மீ. வேகத்தில் ஒரு நடுக்கம்: பழைய ஆட்டோமேட்டிக் வேன் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

தேவை

வாங்க விரும்பியவர் நாற்பது வயதைக் கடந்த பெண். இடது முழங்காலில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். கிளட்ச் மிதித்து வண்டி ஓட்டக் கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். சக்கர நாற்காலியில் இருக்கும் தாயாரை வாரம் மூன்று முறை டயாலிசிஸுக்கு அழைத்துச் செல்ல வேண்டும். நாற்காலியோடு அப்படியே ஏற்றும் சாய்தளம் பொருத்திய வேன்கள் பழைய வண்டிகளின் விற்பனைக்கு அபூர்வமாகத்தான் வரும். அதிலும் ஆட்டோமேட்டிக் வேண்டும் என்றால் தேர்வு இன்னும் சுருங்கிவிடும். அப்படி ஒரு வேன் விற்பனைக்கு வந்திருப்பதை அறிந்து, கியர்பாக்ஸ் வேலையையே தொழிலாகக் கொண்ட என்னைப் பார்த்துச் சொல்லும்படி கேட்டார்.

பழைய ஆட்டோமேட்டிக் வண்டி வாங்கலாமா என்று பொதுவாகக் கேட்பவர்களுக்கு என்னால் பதில் சொல்ல முடிவதில்லை. குறிப்பிட்ட ஒரு வண்டியைக் காட்டி, குறிப்பிட்ட ஒருவர் கேட்டால் சொல்ல முடியும். அந்த வண்டியின் கியர் பெட்டியில் வரக்கூடிய மிகப் பெரிய செலவு எவ்வளவு, அது ஏற்கெனவே தொடங்கிவிட்டதா, வந்தால் இவரால் தாங்க முடியுமா என்று பார்த்தால் போதும். இந்த வேனில் இரண்டாவது கேள்விதான் எங்களை அதிகம் அலைக்கழித்தது.

எந்த வகை ஆட்டோமேட்டிக்?

விற்பனைக் குறிப்பில் வெறுமனே ஆட்டோமேட்டிக் என்றுதான் இருக்கும். அந்த ஒரு சொல்லுக்குள் நான்கு வேறு இயந்திரங்கள் இருக்கின்றன. இன்ஜினின் விசையைத் திரவத்தின் வழியே கடத்தும் டார்க் கன்வர்ட்டரும் கோள் பற்சக்கரங்களும் கொண்ட பழைய முறை ஒன்று. எஃகுப் பட்டையும் இரண்டு கப்பிகளும் கொண்ட சி.வி.டி. இன்னொன்று. அடுத்து இரட்டைக் கிளட்ச் வகை. கடைசியாக, சாதாரண மேனுவல் பெட்டியின் கிளட்சையும் கியரையும் மோட்டார் அல்லது ஹைட்ராலிக் அமைப்பு இயக்கும் ஏ.எம்.டி. வகை. ஏ.எம்.டி.யில் கியர் மாறும்போது சிறிய இடைவெளி தெரிவது இயல்பு. அதே இடைவெளி டார்க் கன்வர்ட்டர் வண்டியில் தெரிந்தால் அது நோய். சி.வி.டி.யில் மேடேறும்போது இன்ஜின் ஒரே சுருதியில் இரைவது இயல்பு. ஆறு கியர் பெட்டியில் அப்படி இரைந்தால் கிளட்சுகள் வழுக்குகின்றன. வகை தெரியாமல் ஓட்டிப் பார்த்துச் சொல்லும் தீர்ப்பு எதற்கும் உதவாது.

இந்த வேனில் இருந்தது டார்க் கன்வர்ட்டரோடு கூடிய ஆறு கியர் பெட்டி. எனக்கு அதில் ஒரு நிம்மதி. பிரித்துப் பழுதுபார்க்கக்கூடிய வகை இது, உதிரி பாகங்களும் கிடைக்கும்.

வகைக்கு அடுத்தபடியாக, அந்த மாடலின் வரலாற்றைப் பார்க்க வேண்டும். 2004இல் ஹோண்டா நிறுவனம் ஒடிஸி வேன் உட்பட சுமார் 11 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது; இரண்டாம் கியருக்குப் போதிய எண்ணெய் போகாமல் சூடேறி உடையக்கூடும் என்பதுதான் காரணம். அப்படிப்பட்ட குறையை ஆயிலின் நிறத்தைப் பார்த்தோ ஓட்டிப் பார்த்தோ முன்கூட்டி அறிய முடியாது. திரும்ப அழைப்பு வேலை அந்த வண்டிக்கு முடிந்ததா என்று சேசிஸ் எண்ணைக் கொண்டு கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் வழி. நாங்கள் பார்த்த மாடலுக்கு அப்படி நிலுவை எதுவும் இருக்கவில்லை.

காகிதங்கள் சொன்னது

எட்டு ஆண்டு வயது, ஓடோமீட்டரில் 1,12,000 கி.மீ. முதல் உரிமையாளர் ஒரு முதியோர் இல்லம். அங்கிருந்து ஒரு தனிநபர் வாங்கி, இப்போது விற்கிறார். ஆண்டுக்கு 14,000 கி.மீ. என்பது கேட்பதற்குக் குறைவுதான். ஆனால் இந்த வேனின் கணினியில் இன்ஜின் ஓடிய மணிநேரமும் பதிவாகியிருந்தது: சுமார் 5,600. கிலோமீட்டரை மணிநேரத்தால் வகுத்தால் சராசரி வேகம் 20 கி.மீ. என்று வருகிறது. வாழ்நாள் முழுவதும் ஊருக்குள் நின்று நின்று ஓடிய, குளிர்சாதனத்துக்காக நின்ற இடத்திலேயே இன்ஜின் ஓடிய வண்டி இது. நெடுஞ்சாலையில் இரண்டு லட்சம் கி.மீ. ஓடிய வேனைவிட இதன் பெட்டி அதிக முறை கியர் மாற்றியிருக்கக்கூடும். ஆட்டோமேட்டிக் வேனைப் பொறுத்தவரை ஓடோமீட்டரைவிட இந்தக் கணக்கைத்தான் நான் நம்புகிறேன்.

பராமரிப்புப் புத்தகத்தில் இன்ஜின் ஆயில் மாற்றியது ஒழுங்காகப் பதிவாகியிருந்தது. கியர்பாக்ஸ் பற்றி ஒரு வரிகூட இல்லை. 'வாழ்நாள் முழுவதும் மாற்றத் தேவையில்லை' என்று பல நிறுவனங்கள் எழுதிவைத்ததன் விளைவு இது. கியர்பாக்ஸ் தயாரிக்கும் இசட்.எஃப். நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள், அல்லது எட்டு ஆண்டுக்குள், ஆயிலை மாற்றச் சொல்கிறது. வெப்பத்தில் வேலை செய்யும் எந்தத் திரவமும் முதிர்ந்துதான் போகும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான காகிதம் கடைசியில் செருகியிருந்த ஒரு ரசீது. வேன் விற்பனைக்கு வருவதற்குச் சற்று முன்பு ஆட்டோமேட்டிக் ஆயில் மாற்றிய ரசீது அது. அளவு 4 லிட்டர். வகை என்ற இடத்தில் நிறுவனம் குறிப்பிட்ட திரவத்தின் பெயர் இல்லை; எல்லா வண்டிகளுக்கும் ஏற்றது என்று விற்கப்படும் பொது ரகத்தின் பெயர் இருந்தது.

இந்தப் பெட்டியின் மொத்தக் கொள்ளளவு ஒன்பது லிட்டருக்கு மேல். வடிதிருகைக் கழற்றினால் பெட்டியின் அடியில் உள்ள தொட்டியான ஆயில் சேம்பரில் இருப்பது மட்டும்தான் வடியும். கன்வர்ட்டருக்குள்ளும் குளிர்விப்பான் குழாய்களிலும் இருப்பது அப்படியே தங்கிவிடும். ஆக, உள்ளே இருந்தது பாதிக்கும் மேலான பழைய ஆயிலும் பொருந்தாத புது ஆயிலும் கலந்த ஒரு கலவை. விற்பவர் ஏமாற்ற நினைத்தார் என்று நான் சொல்ல மாட்டேன். விற்கும் முன் நல்லது செய்வதாக நினைத்தே பலரும் இதைச் செய்கிறார்கள். ஆனால் வாங்குபவர் படிக்க வேண்டிய தடயம் ஒன்று இதனால் அழிந்துபோகிறது. பழைய ஆயிலின் நிறமும் கருகிய வாசனையும் எட்டு ஆண்டுக் கதையைச் சொல்லியிருக்கும். பளிச்சென்ற சிவப்பு எதையும் சொல்லாது.

குளிர்ந்த நிலையில்

நாங்கள் வருவதற்கு முன் இன்ஜினை இயக்க வேண்டாம் என்று முதல்நாளே கேட்டுக்கொண்டோம். விற்பவர் அப்படியே வைத்திருந்தார். இந்த ஒன்றை மறுப்பவரிடம் ஆட்டோமேட்டிக் வண்டி வாங்காதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்வேன். இறுகிப்போன ரப்பர் சீல்கள் குளிரில்தான் கசியும்; திரவம் சூடானதும் அவை இளகி, குறை மறைந்துவிடும்.

பிரேக்கை மிதித்தபடி நியூட்ரலிலிருந்து டிரைவுக்கு மாற்றியதும் ஒரு விநாடிக்குள் பிடித்தது. ரிவர்ஸும் அப்படியே. இரண்டு விநாடிக்கு மேல் தயங்கினால் பெட்டிக்குள் அழுத்தம் குறைகிறது என்று பொருள். மேட்டில் பின்னோக்கி ஏற்றிப் பார்த்தோம். பல பெட்டிகளில் முதலில் ஓய்ந்துபோவது ரிவர்ஸ்தான் என்பதால் இதை நான் விடுவதே இல்லை. தயக்கம் இல்லை. முதல் கியரிலிருந்து ஆறு வரை மாற்றங்கள் சீராக இருந்தன. இடையில் இன்ஜின் வேகம் எகிறவில்லை.

பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதிக்கும் சோதனையைச் சிலர் பரிந்துரைப்பார்கள். இன்னொருவர் வண்டியில் அதை நான் செய்வதில்லை. சில விநாடிகளிலேயே கன்வர்ட்டருக்குள் வெப்பம் கடுமையாக ஏறும். தெரிந்துகொள்வதைவிடக் கெடுப்பது அதிகம்.

சூடேறிய பிறகு

பத்து நிமிடம் சுற்றிவிட்டு வண்டியை ஒப்படைத்திருந்தால் இந்த வேன் தேர்ச்சி பெற்றிருக்கும். அரை மணிநேரத்துக்கு மேல் ஓட்டி, கியர்பாக்ஸ் ஆயில் 85 டிகிரி செல்சியஸைத் தாண்டிய பிறகு, மணிக்கு 70 கி.மீ. வேகத்தில், லேசான ஏற்றத்தில், ஆக்சிலரேட்டரை மெல்லத் தொட்டபடி போகும்போது அது வந்தது: சாலையோர எச்சரிக்கை வரிகளின் மேல் சக்கரம் ஏறியது போன்ற ஒரு நடுக்கம். இரண்டு மூன்று விநாடிதான். வாங்க வந்தவர் சாலையின் கரடுமுரடு என்றே நினைத்தார்.

நடுக்கத்துக்குக் காரணம் பல இருக்கலாம். சக்கரச் சமநிலை கெட்டிருந்தால், நியூட்ரலில் உருட்டினாலும் அதே வேகத்தில் நடுங்கும், இங்கே நடுங்கவில்லை. இன்ஜினில் ஒரு சிலிண்டர் சரியாக எரியாவிட்டால், அழுத்தி மிதிக்கும்போது நடுக்கம் கூடும். இங்கே அழுத்தி மிதித்தால் மறைந்தது. மிச்சமிருந்த சந்தேகம் கன்வர்ட்டரின் லாக்-அப் கிளட்ச்.

கன்வர்ட்டருக்குள் இன்ஜினோடு சுழலும் பகுதி திரவத்தை வீசி, கியர்பாக்ஸோடு இணைந்த டர்பைனைச் சுழற்றுகிறது. இரண்டுக்கும் இடையே சிறு வேக வேறுபாடு எப்போதும் இருக்கும். அது வெப்பமாக வீணாகிறது. அந்த இழப்பைத் தவிர்க்க, சீரான வேகத்தில் செல்லும்போது லாக்-அப் கிளட்ச் இரண்டையும் பிணைக்கிறது. இக்கால வண்டிகளில் அது ஒரேயடியாக இறுகாமல், மிகச் சிறிய வழுக்கலோடு பிடித்துக்கொண்டே இருக்கும்படி கட்டுப்படுத்தப்படுகிறது. அந்த வழுக்கல் மென்மையாக இருப்பது திரவத்தில் சேர்க்கப்பட்ட உராய்வு வேதிப்பொருள்களைப் பொறுத்தது. அவை முதிர்ந்தாலும் நடுங்கும். தவறான திரவம் ஊற்றினாலும் நடுங்கும். கிளட்சின் பரப்பே வெந்து மெருகேறிப்போயிருந்தாலும் நடுங்கும். ஓட்டுபவருக்கு மூன்றும் ஒன்றுபோலவே தெரியும்.

சோதிக்க எளிய வழி உண்டு. நடுக்கம் வரும்போது ஆக்சிலரேட்டரை விடாமல், இடது பாதத்தால் பிரேக்கை விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் தொட வேண்டும். பிரேக் சமிக்ஞை கிடைத்ததும் கணினி லாக்-அப்பை விடுவிக்கும். பின்னால் வண்டி எதுவும் வராத நேரமாகப் பார்த்து நான் செய்தேன். தொட்டதும் நின்றது. பாதத்தை எடுத்ததும், லாக்-அப் மீண்டும் பிடித்தபோது, நடுக்கமும் திரும்பியது. வண்டியின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரிலும் அதே காட்சி: கணினி பிடிக்கச் சொன்ன நேரத்தில் வழுக்கல் அளவு நிலையாக நிற்காமல் மேலும் கீழும் ஆடியது.

ஸ்கேனர் இன்னொன்றும் சொன்னது. பிழைக்குறி எதுவும் இல்லை. ஆனால் பிழைக்குறிகளை அழித்த பிறகு ஓடிய தூரம் என்ற பதிவில் 38 கி.மீ. என்றிருந்தது. மிக அண்மையில் யாரோ குறிகளை அழித்திருக்கிறார்கள். பேட்டரியைக் கழற்றினாலும் சில வண்டிகளில் இது நடக்கும் என்பதால் உடனே குற்றம் சாட்டக் கூடாது. கேட்டோம். டாஷ்போர்டில் ஒரு விளக்கு எரிந்ததாகவும், ஆயில் மாற்றிய பட்டறையில் அதை அணைத்துத் தந்ததாகவும் விற்பவர் மறைக்காமல் சொன்னார். என்ன குறி என்பது அவருக்குத் தெரியவில்லை. லாக்-அப் சரியாகப் பிடிக்காதபோது வரும் பி0741 என்பது என் ஊகம்.

மூன்று சாத்தியங்கள்

முதலாவது, திரவம் மட்டுமே காரணம். சரியான திரவத்தை முழுமையாக மாற்றினால் தீர்ந்துவிடும்; செலவு கேட்ட விலையில் நூற்றில் மூன்று. இரண்டாவது, லாக்-அப் கிளட்ச் தேய்ந்துவிட்டது. கன்வர்ட்டரை மாற்ற வேண்டும். பெட்டியை இறக்கி ஏற்றும் கூலியோடு நூற்றில் பதினைந்து. மூன்றாவது, கிளட்சிலிருந்து உதிர்ந்த துகள்கள், திரவத்தைத் தேவையான இடத்துக்குத் திருப்பிவிடும் வால்வு பாடிக்கும் பெட்டிக்குள் இருக்கும் மற்ற கிளட்சுகளுக்கும் பரவிவிட்டன. முழுப் பெட்டியையும் பிரித்துச் செய்ய நூற்றில் நாற்பதை நெருங்கும்.

மூன்றாவதற்கான அறிகுறிகள் இருக்கவில்லை. குளிரிலும் சூட்டிலும் கியர் பிடிப்பதில் தயக்கம் இல்லை, மாற்றத்தின் நடுவே இன்ஜின் எகிறவில்லை, ரிவர்ஸ் திடமாக இருந்தது. ரேடியேட்டர் நீர் ஆயிலில் கலந்திருந்தால் திரவம் வெளிறிப் பால் கலந்த இளஞ்சிவப்பாகத் தெரியும், அதுவும் இல்லை. முதல் இரண்டில் எது என்பதை ஓட்டிப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

தவறான திரவத்துக்கு இவ்வளவு முக்கியத்துவம் தேவையா என்று கேட்பவர்கள் உண்டு. 1989இல் கிரைஸ்லர் தன் வேன்களில் பொருத்திய நான்கு கியர் அல்ட்ராடிரைவ் பெட்டி நினைவுக்கு வருகிறது. அதற்கு உரிய திரவத்தை விட்டுவிட்டுப் பொதுவாகக் கிடைத்த டெக்ஸ்ரானை ஊற்றியது, அந்தப் பெட்டியின் பெயர் கெட்டதற்கு ஒரு முக்கியக் காரணம்.

என் கருத்தை அவரிடம் சொன்னேன்: கேட்ட விலைக்கு வாங்கக் கூடாது, இரண்டாவது சாத்தியத்தின் செலவைக் கழித்துக்கொண்டால் யோசிக்கலாம், அதற்கு முன் திரவத்தை முழுமையாக மாற்றி மீண்டும் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

"அண்ணா, இதை விட்டுவிட்டு இன்னொரு வேனைத் தேடினால் அதில் என்ன ஒளிந்திருக்கும் என்று நமக்குத் தெரியுமா? இதில் என்ன குறை என்றாவது தெரிந்துவிட்டதே" என்றார் அவர்.

அந்த வாதத்தில் வலு இருந்தது. ஆனாலும் அவருடைய சேமிப்பைக் கேட்டறிந்த பிறகுதான் நான் தலையாட்டினேன். விலை போக அவரிடம் எஞ்சும் பணம் கன்வர்ட்டர் வேலைக்குப் போதும். முழுப் பெட்டி வேலைக்குப் போதாது. சராசரிச் செலவைக் கணக்கிடுவது பத்து வேன் வைத்திருக்கும் நிறுவனத்துக்குச் சரி. ஒரே ஒரு வேனை நம்பி ஒருவருடைய டயாலிசிஸ் நடக்கும் வீட்டில், சராசரி எந்தக் கதவையும் திறக்காது. கணினி பாதுகாப்பு நிலைக்குப் போய் ஒரே கியரில் சிக்கிய வேன், தாயார் உள்ளே இருக்கும்போது நடுச்சாலையில் ஊர்ந்தால் என்ன செய்வது? இன்ஜின் ஓடாமல் இந்தப் பெட்டியின் பம்ப் சுழலாது என்பதால், இயக்கச் சக்கரங்கள் தரையில் உருள இழுத்துச் செல்லவும் முடியாது. மேடை வைத்த மீட்பு வண்டி வர வேண்டும். எனவே இரண்டு நிபந்தனைகள் வைத்தோம்: பணம் கொடுப்பதற்கு முன் திரவம் மாற்றிய சோதனை, அதில் நடுக்கம் போகாவிட்டால், நாற்காலி ஏறும் முன்பே கன்வர்ட்டர் மாற்றம்.

விற்பவருடன் பேச்சு

திரவத்தை எங்கள் செலவில் மாற்றிப் பார்க்க அவர் சம்மதித்தார். விலைக் குறைப்புக்கு முதலில் சம்மதிக்கவில்லை. வேறொரு மெக்கானிக் அவரிடம், "பழைய பெட்டியில் ஆயிலைத் தொட்டால் வழுக்க ஆரம்பித்துவிடும்" என்று பயமுறுத்தியிருந்தார். இந்தப் பேச்சு முழுவதும் பொய்யல்ல. கிளட்சுகள் தேய்ந்து முடிந்த பெட்டியில், பழைய திரவத்தில் மிதக்கும் உராய்வுத் துகள்கள் சற்றே பிடிப்புத் தருவதுண்டு. புதுத் திரவம் வந்ததும் அந்த மறைப்பு விலகும். அப்படி விலகினால் வாங்குபவருக்கு அது பணம் கொடுக்கும் முன் தெரிவதே நல்லது என்பதால் நான் பின்வாங்கவில்லை. பெட்டி அப்படிக் கெட்டால் விற்பவருக்கு நஷ்டம் வராதபடி, ஏற்கெனவே பதிந்துவைத்த ஸ்கேனர் விவரங்களின் நகலை அவருக்கும் கொடுத்து, என்ன நடந்தால் யார் பொறுப்பு என்று எழுதிக் கையெழுத்திட்டுக்கொண்டோம்.

சேம்பரைக் கழற்றியபோது காந்தத்தில் சாம்பல் நிறப் பசை இருந்தது. இந்த வயதில் அது இயல்பானது. எஃகுச் சீவல்களோ பித்தளை மினுக்கோ இல்லை. அடியில் மென்மையான கறுப்புப் படிவு, எதிர்பார்த்ததைவிடச் சற்று அதிகம். உராய்வுப் பொருள் உதிர்ந்திருக்கிறது என்பதற்கான அடையாளம் அது. ஃபில்டரை மாற்றி, குளிர்விப்பான் குழாய்வழியே பழையதை வெளியேற்றி, நிறுவனம் குறிப்பிட்ட திரவத்தை முழு அளவும் நிரப்பினோம். அளவுகோல் இல்லாத பெட்டி என்பதால், திரவம் குறிப்பிட்ட வெப்பநிலையில் இருக்கும்போது மட்டம் பார்க்கும் திருகு வழியே வழியவிட்டுச் சரிபார்த்தோம். இந்த வெப்பநிலையை அலட்சியம் செய்பவர்கள்தான் அரை லிட்டர் குறைவாகவோ கூடுதலாகவோ விட்டுப் பெட்டியைக் கெடுக்கிறார்கள்.

அடுத்த சில நாள்கள் விற்பவரே ஓட்டினார். மீண்டும் சோதித்தபோது 85 டிகிரியில் நடுக்கம் இல்லை. நீண்ட ஏற்றம் ஒன்றில் ஏற்றி, 100 டிகிரியைத் தாண்டிய பிறகு, மெலிதாகத் திரும்பி வந்தது. ஆக, திரவம் பாதிக் காரணம். மீதிக் காரணம் கிளட்சின் பரப்பு.

சோதனையின் முடிவை விற்பவர் உடனிருந்தே பார்த்ததால் பேச்சு எளிதானது. கன்வர்ட்டர் செலவில் மூன்றில் இரண்டு பங்கைக் குறைத்துக்கொண்டார். மீதி ஒரு பங்கை வாங்குபவர் ஏற்றார். முழுவதும் குறைக்காவிட்டால் விட்டுவிடலாம் என்பதுதான் என் ஆலோசனை. நல்ல நிலையில் உள்ள சாய்தளத்தைத் தனியாகப் பொருத்த ஆகும் செலவைக் காட்டி வாங்குபவர் அதை மறுத்தார். அந்தக் கணக்கில் அவர் சொன்னதே சரி.

பெட்டியை இறக்கிய பிறகு

கழற்றிய கன்வர்ட்டரை அறுத்துப் பார்த்தோம். லாக்-அப் கிளட்சின் பரப்பு ஒரு பக்கம் கண்ணாடிபோல் மெருகேறி, விளிம்பில் பொரிந்திருந்தது. எத்தனை முறை திரவம் மாற்றியிருந்தாலும் அது தேறியிருக்காது. பொரிந்த துகள்கள் மெல்ல மெல்ல வால்வு பாடிக்குப் போய்க்கொண்டே இருந்திருக்கும். பம்ப் சீல் நல்ல நிலையில் இருந்தாலும், பெட்டி கீழே இறங்கியிருக்கும்போது புதிது போட்டுவிடுவது வழக்கம், போட்டோம். குளிர்விப்பானை அலசி, பழைய துகள் புதிய கன்வர்ட்டருக்குத் திரும்பாமல் இருக்கக் குழாயில் ஒரு தனி ஃபில்டரும் சேர்த்தோம். வால்வு பாடியைப் பிரிக்கவில்லை. அறிகுறி இல்லாமல் அதைத் திறப்பதை நான் விரும்புவதில்லை.

வேன் இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது. அதே ஏற்றத்தில், அதே வெப்பத்தில் நடுக்கம் இல்லை, வழுக்கல் அளவு நிலையாக நிற்கிறது. ஊருக்குள்ளேயே ஓடும் வண்டி என்பதால் அடுத்த திரவ மாற்றத்தை 50,000 கி.மீ.க்கு முன்பே வைத்துக்கொள்ளும்படி எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதற்கு முன், 10,000 கி.மீ. ஆனதும், சிறிது திரவத்தை எடுத்து வெள்ளைக் காகிதத்தில் விட்டுப் பார்ப்போம். நடுவில் கறுத்த வட்டம் தெரிந்தாலோ பி0741 பதிவானாலோ, குறியை அழிக்காமல் வண்டியைக் கொண்டுவர வேண்டும். அப்போது வால்வு பாடியைத்தான் முதலில் திறப்போம்.